கார் பூட் சந்தையில் வாங்கிய ஸ்லிப்வேர் தட்டு பழையதுதானா? சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பிரிஸ்டலில் வேலை பார்க்கிறீர்கள். ஒரு கார் பூட் சந்தையில் (மக்கள் தங்கள் காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய பொருள்களை விற்கும் சந்தை) 60 பவுண்டு கொடுத்துச் செவ்வகத் தட்டு ஒன்றை வாங்கினீர்கள். கரும்பழுப்புத் தரை, அதில் மஞ்சள் கோடுகள், அந்தக் கோடுகள் இறகு வடிவில் இழுபட்டிருக்கின்றன. விற்றவர் 1700களில் செய்த ஆங்கில நாட்டுப்புற ஸ்லிப்வேர் என்றார். அவர் சொன்னது உண்மையா, இந்த வகைப் பாண்டங்களைச் சேகரிக்கலாமா, எதை வாங்கலாம் எதை விடலாம், அந்தத் தட்டில் சமைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி, விற்பவர் சொல்லும் கதையை ஒதுக்கிவிட்டுப் பாண்டத்தையே பார்த்து முடிவெடுக்க எப்படிக் கற்றுக்கொள்வது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. நான் மண்பாண்டச் சீரமைப்பு படித்தவன். பல ஆண்டுகளாக உடைந்த பாத்திரங்களை ஒட்டுவதும், பிறர் போட்ட பழைய ஒட்டுகளைப் பிரிப்பதும்தான் தொழில். அந்தக் கோணத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். நீங்கள் விவரித்த மாதிரித் தட்டு பழையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் செவ்வக வடிவம் என்றால் 18ஆம் நூற்றாண்டைவிட 19ஆம் நூற்றாண்டுக்கே வாய்ப்பு அதிகம். எந்த நூற்றாண்டானாலும், முழுசாக இருந்தால் 60 பவுண்டு நியாயமான விலைதான். அதில் சமைக்காதீர்கள், சாப்பிடவும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஸ்லிப் என்றால் தண்ணீரில் கூழாகக் கரைத்த களிமண். சிவப்பு மண்ணால் செய்த பாண்டத்தின் மேல் வெள்ளை மண்கூழை ஊற்றியோ, கோடாகப் பிழிந்தோ, பூசிக் கீறியோ அலங்காரம் செய்து, அதன் மேல் ஈய கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) போட்டுச் சுட்டால் அது ஸ்லிப்வேர். அந்தக் காலத்து கிளேஸ் பெரும்பாலும் கலீனா என்கிற ஈயத் தாதுதான். அதைப் பொடித்துப் பச்சைப் பாண்டத்தின் மேல் தூவுவார்கள், அல்லது கரைத்து ஊற்றுவார்கள். பிறகு ஒரே சூடு, ஏறக்குறைய 1000 டிகிரி. மண்ணிலும் தாதுவிலும் இருக்கும் இரும்பு கிளேஸில் கலந்துவிடுவதால் அது தேன் நிறம் எடுக்கும். நீங்கள் மஞ்சள் என்று பார்ப்பது உண்மையில் வெள்ளை மண், மேலே தேன் நிறக் கண்ணாடி படிந்திருக்கிறது. பழைய பாண்டத்தில் இந்த மஞ்சள் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. கிளேஸ் கூடிய இடத்தில் கருக்கும், மெலிந்த இடத்தில் வெளுக்கும், சூளையில் நெருப்பு பட்ட பக்கம் வேறாக இருக்கும். ராபர்ட் பிளாட் என்பவர் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தைப் பற்றி 1686இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள பர்ஸ்லெம் ஊர்க் குயவர்கள் எந்த மண்ணை எடுத்தார்கள், கூழை எப்படிப் பிழிந்தார்கள், ஈயத் தாதுவை எப்படித் தூவினார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாட்டுப்புறத் தொழிலுக்கு இவ்வளவு பழைய நேர்முகப் பதிவு கிடைப்பது அரிது. அதனால் செய்முறை பற்றி நாம் சொல்வதில் ஊகம் குறைவு.

உங்கள் தட்டு மாதிரியானவற்றைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை அப்பளமிடுவது போலத் தட்டையாகத் தேய்த்து, தட்டையாக இருக்கும்போதே அலங்காரம் முடித்துவிடுவார்கள். முதலில் கரும்பழுப்புக் கூழை முழுவதும் ஊற்றிப் பரப்புவது. அது ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் கூழை இணைகோடுகளாகப் பிழிவது. பிறகு ஒரு பன்றிமுடியையோ இறகின் நுனியையோ குறுக்கே இழுப்பது. இழுத்த இடத்தில் கோடு வளைந்து இறகு வடிவம் எடுக்கும். ஒற்றை நுனிக்குப் பதில் சீப்பு மாதிரிப் பற்கள் உள்ள கருவியால் இழுத்தால் வேறு வகை. இரண்டு கூழும் ஈரமாக இருந்ததால் ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்துவிடும். இது இறுகிய பிறகு, மேடான அச்சின் மேல் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தை வெட்டி, பல்லுள்ள சிறு சக்கரத்தை ஓரத்தில் உருட்டி வரிவரியாகப் பதிப்பார்கள். கிளேஸ் உட்புறத்துக்கு மட்டும். அடிப்பக்கம் வெறும் மண்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. செய்முறை தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டையாக இருந்தபோது போட்ட கோலம் பின்னால் அச்சில் வளைந்தது என்றால், மூலைகளில் கோடுகள் கொஞ்சம் இழுபட்டோ நெருங்கியோ இருக்க வேண்டும். கோடுகள் தரையோடு தரையாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தெரியக் கூடாது. அடிப்பக்கம் கிளேஸ் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கங்கே வழிந்த துளிகள் இருக்கலாம். சூளையில் பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தெடுத்தபோது ஏற்பட்ட தழும்புகள் ஓரத்திலோ அடியிலோ இருக்கலாம். இவற்றைக் குறைகளாக எண்ணிக் கழித்துவிடாதீர்கள். வாங்குபவருக்கு இவைதான் சாட்சி.

இப்போது தட்டைக் கவிழ்த்து வையுங்கள். நான் எந்த ஸ்லிப்வேரையும் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். இந்தத் தட்டுகள் அடுப்புக்குள் போனவை. பல தலைமுறை வெப்பத்தில் கரி மண்ணுக்குள் ஊறியிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் மேல்தூசி மட்டும் வரும், கறுப்பு போகாது. மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுக்க வைத்தது என்றால் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தேயிலைச் சாயமோ ஷூ பாலிஷோ தடவியிருந்தால் குழிகளில் தேங்கி மேடுகளில் மெலிந்து இருக்கும், பெரும்பாலும் வாசனையே காட்டிக்கொடுக்கும். உட்புறத்தில் கத்திக் கீறல்கள் எல்லாத் திசையிலும், ஆழம் கூடியும் குறைந்தும் இருக்க வேண்டும். ஒரே திசையில் மெல்லிய இணைகீறல்கள் தெரிந்தால் உப்புத்தாளின் வேலை. தேய்மானம் அடியில் தரையைத் தொடும் இடங்களில் இருக்க வேண்டும். எங்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் சில்லு பெயராத பழைய தட்டு மிக அரிது. பெயர்ந்த இடத்திலும் பழைய சில்லு, புதிய சில்லு என்று வேறுபாடு உண்டு. பழைய சில்லின் முனை மழுங்கி, அழுக்கு ஏறி இருக்கும். புதியதின் மண் பளிச்சென்று இருக்கும்.

இதில் எது நிச்சயம், எது ஐயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால், இது அச்சில் போட்டதா வனைந்ததா, ஒரே சூட்டில் சுட்டதா, நெடுங்காலம் புழங்கியதா என்பதை உறுதியாகச் சொல்லலாம். தேதியோ எழுத்தோ இல்லாத ஓர் இறகுக்கோட்டுத் தட்டு 1780ஐச் சேர்ந்ததா 1850ஐச் சேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள். செய்முறை மாறவே இல்லை, மண்ணும் மாறவில்லை. ஊரும் அப்படித்தான். இந்த வகை என்றாலே ஸ்டாஃபர்ட்ஷயர் என்று அட்டையில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் பிரிஸ்டலிலும் யார்க்ஷயரிலும் இதே மாதிரி செய்திருக்கிறார்கள். குயவர்களும் ஊர் விட்டு ஊர் போனார்கள். சூளை இருந்த இடத்தில் தோண்டியெடுத்த ஓடுகளோடு ஒப்பிட்டால்தான் ஊரைப் பற்றிக் கொஞ்சமாவது தெம்பாகப் பேச முடியும். படத்தை மட்டும் பார்த்து யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அது வாய்ப்புக் கணக்குதான்.

சில ஊர்களின் வேலை மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிடும். கென்ட் மாவட்டத்தின் ரோத்தம் ஊரில், சிவப்புப் பாண்டத்தின் மேல் வெள்ளை மண்ணில் சின்னச் சின்ன முத்திரை அச்சுகளை ஒட்டி, பல கைப்பிடிகள் உள்ள குடிகலங்கள் செய்தார்கள். தேதியிட்டவற்றில் மிகப் பழையது 1612. எசெக்ஸின் ஹார்லோவில் செய்து லண்டனில் விற்றவற்றில் கடவுளுக்கு அஞ்சு என்ற ரீதியில் பக்தி வாசகங்கள் வெள்ளைக் கூழால் எழுதியிருக்கும், 1600களின் ப்யூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர்) காலத்து மனநிலை அதில் அப்படியே தெரியும். சசெக்ஸில் அச்சகத்து ஈய எழுத்துகளைப் பச்சை மண்ணில் அழுத்தி, அந்தப் பள்ளத்தில் வெள்ளை மண்ணை நிரப்பினார்கள். சாமர்செட்டின் டொன்யாட்டில் வெள்ளைப் பூச்சைக் கீறி, தாமிரப் பச்சையைத் தெளித்தார்கள்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து டெவன் மாவட்டத்தின் வடபகுதிக்குப் போய்வருவது எளிது. பார்ன்ஸ்டபிள், பைடஃபோர்ட், ஃப்ரெமிங்டன் இந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெமிங்டனின் சிவப்பு மண்ணில் பாண்டம், பீட்டர்ஸ் மார்லண்ட் பக்கத்து வெளிறிய மண்ணில் பூச்சு, அதைக் கீறி வரைந்த கப்பல், சிங்கம், பூ, திசைகாட்டி, கூடவே ஒரு பாட்டு. இவற்றை அறுவடைக் கூஜாக்கள் என்பார்கள். வயலில் வேலை செய்பவர்களுக்கு சைடரும் (ஆப்பிள் மது) பியரும் கொண்டுபோகிற பாத்திரம் என்பதால் அந்தப் பெயர். கல்யாணத்துக்கும் நினைவுப் பரிசாகவும்கூடச் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊர்களின் கீறல் வேலைப் பாண்டங்கள் கப்பலேறி அமெரிக்கா போயிருக்கின்றன. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் 1930களில் தோண்டியபோது குவியலாகக் கிடைத்தன. பைடஃபோர்டில் பர்ட்டன் கலைக்கூடத்தில் இந்தக் கூஜாக்களின் அருமையான தொகுப்பு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். புத்தகப் படத்தில் கூஜாவின் வயிறு எவ்வளவு பெரிது, கீறல் எவ்வளவு வேகமாகப் போயிருக்கிறது என்பதெல்லாம் தெரியாது.

இனி, பணமும் ஏமாற்றும் கூடும் இடத்துக்கு வருகிறேன். ஸ்லிப்வேர் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் தாமஸ் டாஃப்ட். ஸ்டாஃபர்ட்ஷயர்க்காரர், 1689இல் இறந்தார். சுமார் 40 முதல் 50 செ.மீ. அகலமுள்ள பெரிய வட்டத் தட்டுகள், ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கோடுகள், அதன் நடுவே பெரிய எழுத்தில் பெயர். மையத்தில் மன்னர், கடற்கன்னி, அல்லது வூஸ்டர் போருக்குப் பின் 1651இல் இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த ஓக் மரம். முதலில் வெளிக்கோட்டைக் கருநிறத்தில் இழுத்து, உள்ளே செம்பழுப்பை நிரப்பி, கோட்டின் மேல் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி வைத்திருப்பார். அந்தப் புள்ளி வரிசையைப் பார்த்தால் கை எங்கும் தயங்கவில்லை என்று புரியும். ரால்ஃப் டாஃப்ட், ரால்ஃப் சிம்ப்சன், வில்லியம் டேலர் என்று வேறு பெயர்களும் தட்டுகளில் உண்டு. பின்னால் வந்த பர்ஸ்லெம் சாமுவேல் மால்கின் (1668–1741) வேறு வழி எடுத்தார். அச்சிலேயே கோடுகளைக் குடைந்துவிட்டால் தட்டில் அவை வரம்பாக எழும்பும், வரம்புகளுக்கு நடுவே வண்ணக் கூழை ஊற்றிவிடலாம். இந்தத் தட்டுகள் ஏலத்துக்கு வந்தால் பல்லாயிரம் பவுண்டு போகும். கார் பூட் சந்தையில் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தேடுவது வீண்.

அரிய பாண்டம் எதிர்பாராத இடத்திலிருந்து வெளிவந்ததே இல்லையா என்றால், ஒரு முறை அப்படி நடந்தது. 1990இல் பிபிசியின் ஆன்டிக்ஸ் ரோட்ஷோ (மக்கள் கொண்டுவரும் பழம்பொருள்களுக்கு மதிப்பு சொல்லும் நிகழ்ச்சி) நார்தாம்ப்டனுக்குப் போனபோது ஓர் அம்மையார் ஆந்தை வடிவ ஸ்லிப்வேர் கூஜா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆந்தையின் தலையைக் கழற்றினால் அதுவே கோப்பை. நிகழ்ச்சியின் பாண்ட நிபுணர் ஹென்றி சாண்டன் அதைப் பார்த்துத் திகைத்து, சுமார் 20,000 பவுண்டு மதிப்பு சொன்னார். இன்று அது ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டின் பாட்டரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டு உற்சாகமடைவதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆந்தை பிரபலமான பிறகு ஆந்தைக் கூஜாக்கள் எத்தனை பேர் கையில் புதிதாக முளைத்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் முக்கிய அறிவுரை இங்கேதான். தொடக்கத்தில் தேதியும் பெயரும் எழுதிய எதையும் வாங்காதீர்கள். தேதி விலையைப் பல மடங்கு ஏற்றுகிறது, அதனால் பொய்யும் அங்கேதான் குவிகிறது. எல்லாம் ஏமாற்றுவதற்காகச் செய்தவை என்றும் சொல்ல முடியாது. எசெக்ஸின் காஸில் ஹெடிங்ஹாமில் எட்வர்ட் பிங்ஹாம் என்ற குயவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பாணியில், பழைய ஆண்டுகளையே பொறித்துப் பாண்டங்கள் செய்தார். தன் அடையாளமாகக் கோட்டை முத்திரையையும் வைத்தார். அந்த முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு 17ஆம் நூற்றாண்டுப் பொருளாக விற்றவர்கள் வேறு ஆட்கள். டெவனிலும் 19ஆம் நூற்றாண்டு முடியும் வரை, அதற்குப் பிறகும், அறுவடைக் கூஜாக்களை மரபாகவே செய்துவந்தார்கள். இன்றும் செய்பவர்கள் இருக்கிறார்கள், நேர்மையாகக் கையெழுத்திடுகிறார்கள். அதனால் கூஜாவின் அடியிலோ கைப்பிடியின் கீழோ ஒரு சின்ன வட்டம் மட்டும் தேய்ந்து கிடந்தால், அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள்.

பாண்டத்தில் பெயர் இருந்தாலும் அது யாருடையது என்பது தனிக் கேள்வி. டாஃப்ட் மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பெயரைச் செய்தவருடையது என்று கொள்ள நல்ல காரணம் இருக்கிறது. ஒரே ஒரு பாண்டத்தில் மட்டும் வரும் பெயர் வாங்கியவருடையதாகவோ, பரிசாகப் பெற்றவருடையதாகவோ இருக்கலாம். மேலே ஓர் எழுத்து, கீழே இரண்டு எழுத்து என்று முக்கோணமாக இருந்தால் பெரும்பாலும் குடும்பப்பெயரும் கணவன் மனைவியின் முதலெழுத்துகளும்தான். விற்பவர்கள் எல்லா எழுத்தையும் குயவர் பெயராக்கிவிடுவார்கள்.

பெரிய தொகை என்றால் வெப்ப ஒளிர்வுச் சோதனை செய்யலாம். அடியில் சிறிது துளைத்துப் பொடி எடுத்து, கடைசியாகச் சுட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அளக்கும் முறை அது. பிழை வரம்பு பெரிது. 1680ஐயும் 1720ஐயும் அதனால் பிரிக்க முடியாது. 300 ஆண்டு பழையதா 50 ஆண்டுப் புதியதா என்ற கேள்விக்குப் பதில் தரும். 60 பவுண்டுத் தட்டுக்கு அது தேவையில்லை, சோதனைச் செலவே தட்டின் விலையைத் தாண்டிவிடும்.

போலியைவிட நான் அதிகமாகச் சந்திப்பது மறைத்த பழுது. பாண்டம் உண்மையிலேயே பழையது, ஆனால் கால்வாசி புதிதாகச் செய்து ஒட்டியது. ஓரம் முழுவதும் சில்லு பெயர்ந்த தட்டை ரெசின் கொண்டு நிரப்பி, வண்ணம் தீட்டி, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் புகைப்படத்தில் ஒன்றும் தெரியாது. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்தால் புதிய வார்னிஷும் பெயின்ட்டும் கிளேஸிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். சில புதிய பூச்சுகள் இதற்கும் சிக்காது. அதனால் விரலையும் பயன்படுத்துங்கள். கிளேஸ் குளிர்ச்சியாகவும் கடினமாகவும் இருக்கும், ரெசின் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் மென்மையாகவும் படும். அடியில் கிளேஸ் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பழைய மண் உறிஞ்சிக்கொள்ளும், நிரப்பிய இடத்தில் சொட்டு அப்படியே நிற்கும். ஆனால் இது பழமைக்குச் சாட்சி ஆகாது, குறைந்த சூட்டில் சுட்ட புதிய மண்ணும் உறிஞ்சும். பீங்கானைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இதையும் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். கனத்த ஸ்லிப்வேர் முழுசாக இருந்தாலே மந்தமாகத்தான் ஒலிக்கும், அந்த ஒலியை வைத்து ஒரு நல்ல தட்டை ஒதுக்கிவிடாதீர்கள். அசிட்டோன் தொட்டுப் பார்க்கும் வேலையை உங்களுடையதாகாத பொருளில் செய்யவே கூடாது.

பழைய காலத்தில் பின்பக்கம் துளையிட்டு உலோகக் கம்பி போட்டுத் தைத்திருந்தால், அதை ஒரு குறையாகவே நான் எண்ணுவதில்லை. ஒரு குடும்பம் அந்தத் தட்டைத் தூக்கி எறிய மனமில்லாமல் காசு கொடுத்துச் சரிசெய்திருக்கிறது. அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டுப் புது ஒட்டு போடச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். கம்பி துருப்பிடித்துப் பாண்டத்தைப் பிளக்காத வரை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் எதை வாங்குவது? 1760களிலிருந்து ஜோசையா வெட்ஜ்வுட்டின் வெளிர்மஞ்சள் க்ரீம்வேரும் அதைப் போன்றவையும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டன. ஸ்லிப்வேர் சமையலறைக்கும் பால்பண்ணைக்கும் தோட்டத்துக்கும் பின்வாங்கியது. அங்கே அது இன்னும் நூற்றைம்பது ஆண்டு உழைத்தது. ரொட்டி வைக்கும் பெரிய சட்டி, பாலாடை எடுக்கும் அகன்ற தாம்பாளம், இறைச்சி வாட்டும் தட்டு, சைடர் பீப்பாய், உண்டியல் என்று செய்தார்கள். மலிவான எனாமல், தகரப் பாத்திரங்களோடு போட்டியிட முடியாமல் ஒவ்வொரு சூளையாக அணைந்தது. யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் அருகே சாயில் ஹில்லில் ஐசக் பட்டன் என்பவர் 1960களின் நடுப்பகுதி வரை தனியாளாக மண் தோண்டி, வனைந்து, நிலக்கரியில் சுட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பிற்காலத்துப் புழங்கு பாண்டங்களைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். போலி செய்தால் கட்டுப்படியாகாத அளவுக்கு விலை குறைவு. கைக்கு வருவது அநேகமாக உண்மையானதாகவே இருக்கும். சாதாரண பால்சட்டியும் ரொட்டிச் சட்டியும் சில பத்துப் பவுண்டுகளில் கிடைக்கும். நல்ல இறகுக்கோட்டுத் தட்டுகள் நூறிலிருந்து சில நூறு பவுண்டு வரை போவதைப் பார்க்கிறேன், பெரியவை, முழுசானவை அதற்கும் மேல். தேதியிட்ட டெவன் கூஜாக்கள் ஆயிரங்களில்தான். விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்குவதானால் இந்தத் துறை வேண்டாம், வேறு எங்காவது போடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அது உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. க்ளாஸ்டர்ஷயரின் வின்ச்கோமில், மூடிக்கிடந்த பழைய நாட்டுப்புறப் பட்டறை ஒன்றை மைக்கேல் கார்டியூ என்ற குயவர் 1926இல் எடுத்து, அந்தப் பட்டறையிலேயே முன்பு வேலை செய்த எலைஜா கம்ஃபர்ட் என்ற முதியவரை மீண்டும் சக்கரத்தில் உட்கார வைத்தார். பழைய கூஜாக்களும் சைடர் குடங்களும் தட்டுகளும் 1930களில் அங்கே புத்துயிர் பெற்றன. அவற்றில் பட்டறை முத்திரையும் பலவற்றில் செய்தவர் முத்திரையும் இருக்கும். அதனால் காலம் பற்றிய குழப்பமில்லை, கண்ணைப் பழக்கிக்கொள்ள மிக நல்ல பயிற்சி. இந்த மறுமலர்ச்சிக்கு ஜப்பானும் ஒரு காரணம். ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமடா ஷோஜியும் 1920இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸுக்கு வந்து பட்டறை போட்டபோது, ஆங்கிலேயர்களே மறந்துகொண்டிருந்த இந்தப் பாண்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஹமடா சிலவற்றை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஜப்பானிய அறிஞர் யனாகி சோயெட்சு 1936இல் டோக்கியோவில் திறந்த நாட்டார் கலை அருங்காட்சியகத்தில் ஆங்கில ஸ்லிப்வேர் இன்றும் இருக்கிறது. அடுப்பில் கறுத்த ஒரு யார்க்ஷயர்த் தட்டை அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்தது என்று முதலில் நினைத்தவர்களில் அவர்களும் உண்டு என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

கண்ணைப் பழக்க, வாங்குவதைவிடப் பார்ப்பது முக்கியம். ஸ்டோக்கின் பாட்டரீஸ் அருங்காட்சியகம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் மூன்றையும் பாருங்கள். ஃபிட்ஸ்வில்லியத்தில் இருப்பது கணித அறிஞர் ஜே. டபிள்யூ. எல். க்ளேஷர் 1928இல் விட்டுச்சென்ற தொகுப்பு. அவர் வாங்கிய ஒவ்வொரு பாண்டத்தைப் பற்றியும் குறிப்பேடுகளில் கைப்பட எழுதி வைத்தார். நீங்களும் இன்றே ஒரு நோட்டு போடுங்கள்: எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலை, என்ன பழுது, விற்றவர் என்ன சொன்னார். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க முடியும், அதனால் உள்ளூர் ஏலக் கூடங்களின் பார்வை நாள்களுக்குப் போங்கள். அங்கே கேட்டால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க விடுவார்கள், வாங்க வேண்டிய கட்டாயமில்லை. உடைந்த ஓடுகளும் நல்ல ஆசிரியர்கள்தான். ஆனால் தேம்ஸ் கரையில் பொறுக்கப் போனால் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பிரிட்டிஷ் மண்ணில் தோண்டியெடுத்த தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக, விலை எவ்வளவு குறைவானாலும், ஏற்றுமதி உரிமம் தேவை. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இதை முன்பே மனதில் வையுங்கள்.

சமையல் விஷயம். இந்த கிளேஸ் ஈயம். குறைந்த சூட்டில் சுட்டது, தேய்ந்தும் இருக்கிறது. புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், வினிகர் எதுவானாலும் அமிலம் ஈயத்தைக் கரைத்து இழுக்கும், வெப்பம் சேர்ந்தால் இன்னும் அதிகமாக. இந்தத் தொழிலில் ஈயம் குயவர்களையே கொன்றிருக்கிறது. கரையும் ஈய கிளேஸை பிரிட்டனில் 1947ஆம் ஆண்டு விதிகள்தான் முழுமையாகக் கட்டுப்படுத்தின. பழையவர்கள் சமைத்துச் சாப்பிடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிட்டார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று அளக்க அன்று யாருக்கும் வழியில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் பழம் வைக்கவும் வேண்டாம்.

பராமரிப்பு எளிது. ஊறப்போடாதீர்கள், டிஷ்வாஷரில் வைக்கவே கூடாது. கிளேஸ் இல்லாத அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் உப்பை மேலே கொண்டுவந்து கிளேஸைத் தள்ளிவிடும். லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டால் போதும். சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பிக் கொக்கிகள் வேண்டாம், அவை ஓரத்தைக் கடித்துச் சில்லுகளைப் பெயர்க்கும். தாங்கியில் சாய்த்து வையுங்கள். அடியில் இருக்கும் கரியை ஒருபோதும் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள்.

உங்கள் தட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு மூன்று படங்கள் வேண்டும்: அடிப்பக்கம் முழுவதும், ஓரத்தில் சில்லு பெயர்ந்த ஓர் இடம் மிக அருகில், மூலை ஒன்றின் உட்புறம் பக்கவாட்டு வெளிச்சத்தில். கூடவே நீளம், அகலம், எடை. அவற்றை வைத்தும் ஊரைச் சொல்ல முடியாமல் போகலாம். பழையதா, எங்காவது நிரப்பியிருக்கிறார்களா என்ற இரண்டுக்கும் ஓரளவு தெளிவான பதில் தர முடியும்.